வீடியோவை மீண்டும் என்கோட் செய்வது எப்படி: தர எண்ணைக் கடைசியில் தொடுங்கள்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு சின்ன வீடியோ கடை நடத்துகிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று பழைய டேப்பாகவும் டிவிடியாகவும் கைப்பேசிக் கோப்பாகவும் வருகிறவை இங்கிருந்து பென்டிரைவில் வீடு திரும்புகின்றன. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவு வரும்வரை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு படத்தைச் சுருக்கி மறுபடி எழுதும் இந்த என்கோட் வேலையைக் கற்றுக்கொடுப்பது என் வழக்கம். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மென்பொருளைத் திறந்ததும் கை நேராகப் பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு) கட்டத்துக்குப் போகிறது. "அண்ணே, எவ்வளவு போடட்டும்?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகள் ஒவ்வொன்றும் அந்த எண்ணின் பொருளையே மாற்றிவிடும். அதனால்தான் கீழே உள்ள வரிசையில் தர எண் எட்டாவது இடத்தில் வருகிறது.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

படத்தைச் சுருக்க ஹேண்ட்பிரேக், கோப்பின் விவரம் படிக்க மீடியாஇன்ஃபோ, ஓட்டிப் பார்க்க விஎல்சி ஆகிய மூன்று மென்பொருள்களும் இலவசம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்காதவர்கள் எஃப்எஃப்எம்பெக்கையும் வைத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் அமைப்புகள் ஹேண்ட்பிரேக்கில் இருப்பவை.

வன்தட்டில் மூலக் கோப்பைப் போல் இரண்டு மடங்கு காலியிடம் வேண்டும். மினி டிவி (MiniDV) கேமரா டேப் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். இடம் போதாமல் பாதியில் நின்ற வேலையை மறுபடி முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும்.

உண்மையான டிவி ஒன்று வேண்டும். மடிக்கணினியின் சின்னத் திரை குறைகளை மறைத்துவிடும். வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் 50 அங்குலத்தில் அதே படம் கட்டம் கட்டமாகத் தெரியும். எங்கள் கடையில் இருப்பது ஒரு பழைய டிவி. வேண்டுமென்றேதான் அதை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். எந்தக் கோப்புக்கு எந்த அமைப்பு போட்டோம் என்று எழுதி வைக்காதவன், மறுநாள் நன்றாக வந்த துண்டைப் பார்த்துவிட்டு அது எப்படி வந்தது என்று தெரியாமல் விழிப்பான்.

2. கோப்பை முதலில் படியுங்கள்

மீடியாஇன்ஃபோவில் கோப்பைத் திறந்து கோடெக் (படத்தைச் சுருக்கிய முறை), பிக்சல் அளவு, ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம்), பிட்ரேட், ஒலியின் வகை, மொத்த நேரம் ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். கோப்பின் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4, எம்கேவி என்பவை உள்ளே இருக்கும் படத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அவை வெறும் பெட்டிகள். ஒரே வகைப் பெட்டியில் எச்.264 என்ற கோடெக்கில் சுருக்கிய படமும் இருக்கலாம், அதற்குப் பிந்தைய எச்.265 படமும் இருக்கலாம்.

இரண்டு வரிகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். முதலாவது, படம் இன்டர்லேஸ்டா (ஒரு ஃபிரேமில் இரண்டு பாதிப் படங்கள் பின்னியது) புரோகிரசிவ்வா (ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே முழுப் படம்) என்பது. மலேசியா பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நாடு என்பதால் இங்குள்ள பழைய டேப்புகளும் பெரும்பாலான டிவிடிகளும் 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ்டு. இரண்டாவது, ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா என்பது. கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் படத்தொகுப்பு முடிந்தபின் கடைசிப் பாட்டில் உதடு ஒருபக்கமும் குரல் ஒருபக்கமும் போய்க்கொண்டிருக்கும்.

மூலத்தின் பிட்ரேட்டையும் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். பின்னால் அது உங்களைக் காப்பாற்றும்.

3. என்கோட் செய்யத்தான் வேண்டுமா?

இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. "டிவியில் ஓடவில்லை" என்று ஒருவர் பென்டிரைவைக் கொண்டுவருகிறார். உள்ளே எச்.264 படம், ஏஏசி ஒலி, ஆனால் பெட்டி எம்கேவி. அவருடைய டிவிக்கு அந்தப் பெட்டிதான் பிடிக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக்கில் படத்தையும் ஒலியையும் அப்படியே நகலெடுத்து எம்பி4 பெட்டிக்கு மாற்றினால் வேலை சில நிமிடங்களில் முடியும், தரத்தில் ஒரு துளியும் குறையாது. இதே வேலையை ஹேண்ட்பிரேக் செய்யாது. அது படத்தை எப்போதும் மறுபடி சுருக்கவே செய்யும்.

ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் விவரம் போகிறது. போனது திரும்பாது. ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மறுபடி சுருக்கினால், முன்பு விழுந்த கட்டங்களையும் கறைகளையும் படத்தின் பகுதி என்று நினைத்து என்கோடர் அவற்றைப் பாதுகாக்க பிட்டுகளைச் செலவழிக்கும். ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த படத்தை யாராவது கொண்டுவந்தால், எடுத்தவரின் கைப்பேசியில் மூலம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்வேன். பாதிப்பேருக்கு இருக்கும். வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பினால் தானே சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை தொடாமல் விடும்.

4. யார், எதில் பார்க்கப் போகிறார்கள்?

பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வீட்டு டிவியில் பென்டிரைவ் வழியாக, கைப்பேசியில், அல்லது இப்போதைக்கு யாரும் பார்க்காமல் சேமிப்பில்.

டிவி என்றால் அதன் வயதைக் கேளுங்கள். எச்.264 கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஓடும். எச்.265 பெரும்பாலான 4கே டிவிகளில் ஓடும், பழைய எச்டி டிவிகளில் ஓடாது. இன்னும் புதிய கோடெக்கான ஏவி1 புதிய டிவிகளில் மட்டும். ஒரே தரத்துக்கு எச்.265 கோப்பு சிறியதாக வரும் என்பது உண்மைதான். ஆனால் தாமான் குடியிருப்பில் இருக்கும் பேரன் வீட்டில் ஓடி, தோட்டத்தில் இருக்கும் பாட்டி வீட்டில் ஓடாத கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்து என்ன பயன்? யார் வீட்டில் ஓடும் என்று தெரியாதபோது எச்.264, 8 பிட் நிறம். அவ்வளவுதான்.

பழைய டிவிக்கு இன்னொரு எச்சரிக்கை. எச்.264இல் லெவல் என்பது படத்தின் அளவுக்கும் வேகத்துக்கும் வைத்த வரம்பு. லெவல் 4.1 வரை மட்டுமே படிக்கும் கருவிகள் உண்டு. 1920×1080 அளவில் நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் லெவல் 4.2 ஆகிவிடும். படம் திக்கித் திக்கி ஓடும், அல்லது ஒலி மட்டும் வரும். பிட்ரேட் அதிகமோ என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போவார்கள் புதியவர்கள். கோளாறு பிட்ரேட்டில் இல்லை. 25 ஃபிரேமுக்கு இறக்குங்கள், அல்லது 50 ஃபிரேமை வைத்துக்கொண்டு 720க்கு வாருங்கள்.

5. படத்தைச் சரிசெய்யுங்கள், பிறகே சுருக்குங்கள்

இந்தப் படி தர எண்ணுக்கு முன்னால் வரக் காரணம் எளிது. இங்கே செய்யும் ஒவ்வொரு மாற்றமும் என்கோடருக்கு எத்தனை பிட்டுகள் தேவை என்பதை மாற்றும்.

இன்டர்லேஸ்டு படத்தில் ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு நேரத்துப் பாதிப் படங்கள் கோடு விட்டுக் கோடு பின்னியிருக்கும். அப்படியே சுருக்கினால் ஓடும் பிள்ளையின் கைகால் சீப்புப் பல்லைப் போல் கிழிந்து தெரியும். அந்தப் பற்களைக் காப்பதற்கே பிட்டுகள் வீணாகும். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் தேர்ந்தெடுத்து யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் போடுங்கள். பாப் என்ற தேர்வைச் சேர்த்தால் ஒவ்வொரு பாதிப் படமும் தனி ஃபிரேமாகி, நொடிக்கு 50 கிடைக்கும். விளையாட்டுப் போட்டிக்கும் காவடியாட்டத்துக்கும் நான் எப்போதும் பாப் போடுகிறேன். அசைவு வழுவழுப்பாக, டேப்பில் பார்த்தது போலவே இருக்கும். 576 வரிகள் மட்டுமே உள்ள படம் என்பதால் மேலே சொன்ன லெவல் பிரச்சினை இதற்கு வராது.

அடுத்து ஓரங்கள். விஎச்எஸ் டேப்பின் அடிப்பகுதியில் சில வரிகள் எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும். பழைய குழாய் டிவி அதை மறைத்தது, தட்டை டிவி காட்டிக்கொடுக்கும். வெட்டிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் கறுப்பு ஓரங்களைத் தானாகவே வெட்டும். இரவுத் தீமிதிப் படங்களில் வானம் கறுப்பாக இருப்பதால் அது சில சமயம் தலையோடு வெட்டிவிடுகிறது. எண்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

அகல உயர விகிதம் இன்னொரு கண்ணி. 720×576 படத்தின் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. 4:3 படத்தைச் சதுரப் பிக்சலில் சொன்னால் 768×576. விகிதத்தைக் கவனிக்காமல் 1280×720 என்று அடித்தால் மணப்பெண் ஒரு சுற்று பருத்துவிடுவாள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். அளவைப் பெரிதாக்கவும் வேண்டாம். விஎச்எஸ் டேப்பில் கிடைமட்டமாகச் சுமார் 240 வரி அளவு விவரம்தான் இருக்கிறது. அதை 1080க்கு இழுத்தால் கோப்புதான் பெருக்கும்.

இரைச்சல் நீக்கத்தில் மட்டும் நிதானம் வேண்டும். டேப்பில் கொசுப் போல் பறக்கும் புள்ளிகளுக்கும் காவடியின் மயிலிறகுக்கும் வித்தியாசம் என்கோடருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே அக்கறையோடு பாதுகாக்கும். அதனால் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்தால் கோப்பு கணிசமாகச் சுருங்கும். ஹேண்ட்பிரேக்கில் என்எல்மீன்ஸ் தரமானது, மிக மெதுவானது. எச்க்யூடிஎன்3டி வேகமானது. இரண்டிலும் லேசான அளவோடு நிறுத்துங்கள். ஒருமுறை ஓர் உதவியாளர் பலமான அளவைப் போட்டுவிட்டார். படம் மெழுகு பூசியது போல் சுத்தமாக வந்தது. டேப்பைக் கொண்டுவந்த அம்மா பார்த்துவிட்டு, "தம்பி, பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருந்தாரே எங்கள் அப்பா, அவர் முகம் எங்கே?" என்று கேட்டார். சாமி ஊர்வலத்துக்காக அவர் அந்த டேப்பைக் கொண்டுவரவில்லை. படத்தில் தெரிந்த அந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. மறுபடி டேப்பை ஓட்டி முதலிலிருந்து செய்தோம்.

6. ஒலியை முடித்துவிடுங்கள்

மூலத்தில் ஏஏசி இருந்தால் பாஸ்த்ரூ, அதாவது அப்படியே நகல். டிவிடியின் ஏசி3 ஒலியையும் டிவிக்காக என்றால் நகலெடுக்கலாம். மற்றவற்றுக்கு ஏஏசி ஸ்டீரியோ 160 கிலோபிட். ஒலிக்கு 96 போட்டுப் படத்துக்குப் பிட்டு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சமாவது சொற்பம், உறுமி மேளமும் நாதஸ்வரமும் சேரும்போது தகரத்தைத் தட்டுவது போல் கேட்கும்.

7. வேகத்தை இப்போதே முடிவு செய்யுங்கள்

என்கோடர் பிரீசெட் என்ற சறுக்குப் பட்டை அல்ட்ராஃபாஸ்ட் முதல் வெரிஸ்லோ வரை போகும், அதையும் தாண்டிப் பிளாசிபோ (மருந்தில்லாத பொய் மாத்திரை) என்று ஒன்று உண்டு. பெயரே அது எதற்கும் உதவாது என்று சொல்லிவிடுகிறது. மெதுவான பிரீசெட் அதிக நேரம் தேடி, அதே படத்தைக் குறைந்த பிட்டில் சொல்லும் வழியைக் கண்டுபிடிக்கும்.

ஒரே தர எண், வெவ்வேறு பிரீசெட் என்றால் அளவும் மாறும், தரமும் கொஞ்சம் மாறும். சோதனையை வெரிஃபாஸ்ட்டில் ஓட்டிப் பார்த்து, அந்த எண்ணோடு இறுதி வேலையை ஸ்லோவில் ஓட்டுகிறவர்கள் இதனால்தான் குழம்புகிறார்கள். சோதித்தது ஒன்று, செய்தது வேறு. ஆகவே பிரீசெட்டை முதலில் பூட்டுங்கள். எங்கள் கடையில் மீடியம், அவசரம் இல்லாத வேலைக்கு ஸ்லோ.

கிராஃபிக்ஸ் அட்டையின் என்வெங்க், இன்டெல்லின் குவிக் சிங்க் ஆகிய வன்பொருள் என்கோடர்கள் பல மடங்கு வேகமானவை. அதே கோப்பளவில் அவை, எச்.264க்கு ஹேண்ட்பிரேக் பயன்படுத்தும் மென்பொருள் என்கோடரான எக்ஸ்264 மெதுவாகச் செய்து தரும் தரத்தைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. நாளைக் காலைக்குள் பத்துப் பேருக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் படத்துக்கு அவை போதும். ஆனால் அவற்றின் தர எண்ணும் எக்ஸ்264இன் தர எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல. அங்கே 22 என்பது இங்கே 22 ஆகாது.

8. இப்போது தர எண்

இரண்டு வழிகள் இருக்கின்றன: நிலையான தரம், குறிப்பிட்ட பிட்ரேட். இவற்றை நான் பிள்ளைகளுக்குப் பந்தியை வைத்துத்தான் விளக்குவேன். நிலையான தரம் என்பது இலை போட்டு, ஒவ்வொருவருக்கும் வயிறு நிறையும்வரை பரிமாறுவது. எவ்வளவு அரிசி செலவானது என்பது கடைசியில்தான் தெரியும். சராசரி பிட்ரேட் என்பது இத்தனை படி அரிசிதான் என்று முடிவு செய்துவிட்டு, வருகிறவர்களுக்குள் பங்கிடுவது. கூட்டம் எப்போது வரும் என்று தெரியாமல் பங்கிட்டால் ஒரு பந்தியில் மிஞ்சும், இன்னொரு பந்தியில் தட்டும். இரண்டு பாஸ் என்பது முதலில் ஒரு சுற்று வந்து தலையை எண்ணிவிட்டு, பிறகு அதே அரிசியைப் பார்த்துப் பார்த்துப் போடுவது.

திருவிழாப் படத்தில் இதன் பொருள் கண்ணுக்கே தெரியும். ஐயர் அசையாமல் அமர்ந்து ஹோமம் செய்யும் அரை மணி நேரத்துக்கு மிகக் குறைந்த பிட்டே போதும். காவடிகள் சுழன்று, பூவும் மஞ்சள் தண்ணீரும் பறந்து, பின்னால் ஆயிரம் தலைகள் அசையும் ஐந்து நிமிடம் பல மடங்கு கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுத்தால் ஹோமத்தில் வீண், காவடியில் பற்றாக்குறை. ஆகவே கோப்பு இத்தனை ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது நிலையான தரத்தையே தேர்ந்தெடுங்கள். பத்தில் ஒன்பது வேலைக்கு அதுதான்.

ஹேண்ட்பிரேக்கில் இதற்கு ஆர்எஃப் என்று பெயர், எஃப்எஃப்எம்பெக்கில் சிஆர்எஃப். எக்ஸ்264இல் 0 முதல் 51 வரை போகும். எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 6 கூட்டினால் பிட்ரேட் ஏறக்குறைய பாதியாகும், 6 குறைத்தால் இரட்டிப்பாகும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை.

576 வரிப் படத்துக்கு 18 முதல் 22, 720க்கு 19 முதல் 23, 1080க்கு 20 முதல் 24, 4கே படத்துக்கு 22 முதல் 28 என்பது ஹேண்ட்பிரேக்கின் பரிந்துரை. சின்னப் படத்துக்குக் குறைந்த எண் ஏன்? டிவி அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும்போது ஒவ்வொரு கறையும் சேர்ந்து பெரிதாகும். 4கே படத்தின் பிக்சல் பொடிசு, கறை கண்ணில் படாது. எங்கள் கடையில் டேப்புக்கு 19, கைப்பேசி 1080 படத்துக்கு 21 என்று சோதனையைத் தொடங்குகிறோம்.

இங்கே நடக்கும் தவறுகள் கொஞ்சம் அல்ல. 0 என்பது மிகச் சிறந்தது என்று நினைத்துப் போடுகிறார்கள். எக்ஸ்264இல் 8 பிட்டுக்கு அது இழப்பற்ற முறை. கோப்பு மூலத்தைவிடப் பல மடங்கு வீங்கும், பெரும்பாலான டிவிகளில் ஓடவும் ஓடாது. 50 என்பதை ஐம்பது சதவீதம் என்று எண்ணிப் போட்டவரும் உண்டு. இன்னொருவர் எக்ஸ்264க்குப் பழகிய 21ஐ எச்.265 என்கோடரான எக்ஸ்265க்கும் அப்படியே போட்டு, எச்.265இல் கோப்பு சிறியதாகவே வரவில்லை என்று முறையிட்டார். எக்ஸ்264இன் இயல்பு எண் 23, எக்ஸ்265இன் இயல்பு எண் 28. இரண்டு அளவுகோல்களும் வேறு.

முடிவில் வந்த கோப்பு மூலத்தைவிடப் பெரியதாக இருந்தால், நோட்டில் வட்டம் போட்ட பிட்ரேட்டைப் பாருங்கள். மூலம் 5,000 கிலோபிட் டிவிடி, உங்கள் கோப்பு 7,000 என்றால், இல்லாத விவரத்துக்குச் செலவு செய்திருக்கிறீர்கள். எண்ணை இரண்டு ஏற்றுங்கள், அல்லது 3ஆம் படிக்குத் திரும்பிப் போய், என்கோட் செய்யத்தான் வேண்டுமா என்று மறுபடி கேளுங்கள்.

9. கடினமான ஒன்றரை நிமிடத்தைச் சோதியுங்கள்

முழுப் படத்தையும் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம் என்பவர் ஒரு நாளை இழப்பார். தொடக்கத்து இரண்டு நிமிடத்தைச் சோதிப்பவர் ஏமாறுவார். தொடக்கத்தில் எப்போதும் பிள்ளையார் படமும் பெயர் எழுத்தும்தான் இருக்கும், எந்த எண்ணிலும் அழகாகவே வரும்.

படத்தை ஓட்டி, மிக மோசமான இடத்தைத் தேடுங்கள். இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று அசைவும் நுணுக்கமும் சேர்ந்த இடம்: காவடி, பூச்சொரிதல், மண்டபத்தில் மின்னும் ஆட்ட விளக்கு. மற்றொன்று இருட்டு: தீமிதிக் குழியின் தணலுக்கு மேலே புகை, கர்ப்பக்கிரகத்தில் கற்பூர ஒளி மங்கிக் கறுப்பில் கரையும் சுவர். முதலாவது கட்டம் கட்டமாக உடையும். இரண்டாவதில் ஒளி படிப்படியாகக் குறையாமல் படிக்கட்டுப் போல் பட்டைகளாகத் தெரியும். இருட்டின் குறையை மடிக்கணினியில் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே முடியாது. கடையின் விளக்கை அணைத்துவிட்டு டிவியில் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக்கில் நேர வரம்பைக் கொடுத்து அந்த 90 வினாடியை மட்டும் மூன்று முறை ஓட்டுங்கள்: தொடக்க எண், அதற்கு இரண்டு கீழே, இரண்டு மேலே. கோப்பின் பெயரிலேயே எண்ணை எழுதுங்கள். டிவியில் ஓட்டும்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம். நின்ற படத்தில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியும், ஓடும் படத்தைத்தான் மனிதர்கள் பார்க்கிறார்கள். வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து, மூலத்துக்கும் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாத எண்களில் மிகப் பெரியதை எடுங்கள்.

இருட்டில் மட்டும் பட்டை தெரிந்தால், மொத்தத் தரத்தையும் ஏற்றிக் கோப்பை வீங்க வைக்க வேண்டாம். எக்ஸ்264இன் கூடுதல் அமைப்புகளில் ஏக்யூ-மோட் மதிப்பை 3 ஆக்கினால், இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட்டுகள் போகும். தீமிதிப் படங்களில் பலமுறை இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

துண்டின் அளவை வைத்து முழுக் கோப்பின் அளவைக் கணிக்கும்போது கவனம். 90 வினாடித் துண்டு 90 எம்பி வந்தால் நொடிக்கு ஒரு மெகாபைட், அதாவது 8,000 கிலோபிட், மணிக்கு 3.6 ஜிபி. ஆனால் நீங்கள் சோதித்தது கடினமான இடம். முழுப் படமும் அப்படி இருக்காது. இது உச்ச வரம்பு மட்டுமே. சரியான கணிப்பு வேண்டுமென்றால் எளிதான இடம் ஒன்றையும் நடுத்தரமான இடம் ஒன்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

10. அளவு கட்டாயம் என்றால் மட்டும் பிட்ரேட்

அந்தப் பத்தில் ஒன்று இதுதான். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சில பழைய டிவிகள் அந்த முறையை மட்டுமே படிக்கும்.

கணக்கைக் கையால் போடுங்கள். படம் 2 மணி 40 நிமிடம், அதாவது 9,600 வினாடி. இலக்கு 4,000 எம்பி. ஒரு எம்பி என்பது 8,000 கிலோபிட். எனவே மொத்தம் 32,000,000 கிலோபிட். 9,600ஆல் வகுத்தால் 3,333. ஒலிக்கு 160 கழித்தால் 3,173. பெட்டியின் சொந்தச் செலவுக்கும் கணக்குப் பிசகுக்கும் கொஞ்சம் விட்டு 3,100 என்று போடுங்கள். இரண்டு பாஸ் தேர்வைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். புதிய ஹேண்ட்பிரேக்கில் அதன் பெயர் மல்டி பாஸ். ஒலியைக் கழிக்க மறந்து, கோப்பு 4 ஜிபியைச் சில எம்பி தாண்டி, பென்டிரைவில் ஏறாமல் நின்றதை நான் பார்த்தது ஒரு தடவை அல்ல.

3,100 வந்துவிட்டது, சரி. அது போதுமா என்பது அடுத்த கேள்வி. டேப்பிலிருந்து வந்த 576 வரிப் படத்துக்கு அது தாராளம். 1080 காவடிப் படத்துக்குப் போதாது. போதாத பிட்ரேட்டில் 1080ஐப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட 720க்கு இறங்குவது நல்லது. கட்டம் கட்டமாக உடைந்த பெரிய படத்தைவிடச் சற்றே மென்மையான சின்னப் படத்தைக் கண் மன்னிக்கும். அதைவிட நல்ல வழி, படத்தை இரண்டு கோப்பாகப் பிரிப்பது: காலைப் பூசை ஒன்று, ஊர்வலம் ஒன்று. 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையை டிவி படிக்கும் என்றால் பென்டிரைவை அப்படி வடிவமைத்துவிட்டு இந்தப் படியையே தாண்டிப் போங்கள்.

11. இரவு ஓட்டமும் மறுநாள் பார்வையும்

நீண்ட வேலைகளை நாங்கள் கடை அடைக்கும்போது ஓட விடுகிறோம். இங்கே மாலை மழையோடு இடி வரும், மின்சாரம் ஒரு நொடி போய் வரும். யுபிஎஸ் இருந்தாலும் எம்கேவி பெட்டியிலேயே எழுதுங்கள். பாதியில் நின்ற எம்கேவி கோப்பு நின்ற இடம்வரை ஓடும். எம்பி4 கோப்பின் அட்டவணை முடிவில்தான் எழுதப்படும் என்பதால், பாதியில் நின்றால் ஒன்றும் ஓடாது. முடிந்தபின் நகல் முறையில் எம்பி4க்கு மாற்றிக்கொள்ளலாம்.

காலையில் மொத்த நேரம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று மீடியாஇன்ஃபோவில் பாருங்கள். பிறகு டிவியில் தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம். ஒலி விலகுவது எப்போதும் கடைசியில்தான் வெளிப்படும். கைப்பேசிப் படத்தில் விலகல் இருந்தால், ஃபிரேம் வேகத்தை நிலையானது என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். புதிய ஐபோன்களில் எடுத்த படம் வெளிறித் தெரிந்தால், அது எச்டிஆர் (ஒளியும் நிறமும் கூடுதல் வீச்சில் பதிவாகும்) முறையில் எடுத்தது. தர எண்ணைத் தொட வேண்டாம், நிற மாற்றத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மூலக் கோப்பை அன்றே அழிக்காதீர்கள். நாங்கள் மூன்று மாதம் வைத்திருக்கிறோம். பென்டிரைவை வாங்கிப்போகிறவர் தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ குடும்பம் கூடும்போதுதான் போட்டுப் பார்ப்பார். "தம்பி, நடுவில் கொஞ்சம் நிற்கிறதே" என்று அதன் பிறகுதான் தொலைபேசி வரும்.